கோச்சி காணாத பிள்ளைகளின் கோச்சிக் கணக்கு

"120 மீற்றர் நீளமான புகையிரதம் ஒன்று மணிக்கு 54 கிலோமீற்றர் கதியில் சென்று 180 மீற்றர் நீளமான பாலமொன்றைக் கடக்கின்றது. அதற்கு எடுக்கும் நேரம் யாது?"

இப்படி ஒரு வினாவைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்துவிடும் மாணவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பத்திரிகைத் தொழிலில் அரசியல், நீதிமன்றம், விளையாட்டு என்று பல பக்கங்களை நான் பொறுப்பேற்று நடத்தியிருக்கிறேன். ஆயினும் 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வாரம் ஒருமுறை நாம் வெளியிட்ட மாணவர் பக்கத்துக்கு வந்த அளவு கடிதங்கள் வேறெந்தப் பக்கத்துக்கும் வந்ததில்லை. அவற்றுள்ளும் புகையிரதக் கணக்குகளைப் பற்றிய கடிதங்களே அதிகம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நமது பாடநூல்களில் 'கதி' என்றால் ஒரு பொருள், 'வேகம்' என்றால் வேறொரு பொருள். திசையைக் கருதாதது கதி, திசையோடு சேர்ந்தது வேகம். பேச்சில் நாம் இரண்டையும் ஒன்றாகவே வழங்குகிறோம். இக்கட்டுரையிலும் அவ்வாறு நேர்ந்தால் கணித ஆசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். மணிக்கு 54 கிலோமீற்றர் என்பது 3600 செக்கனில் 54,000 மீற்றர். வகுத்தால் ஒரு செக்கனுக்கு 15 மீற்றர். இதற்குப் பதினெட்டில் ஐந்தால் பெருக்கு என்று ஒரு குறுக்கு வழியை ரியூசன் வகுப்புகளில் மனனம் செய்விப்பார்கள். ஆயிரத்தை 3600 ஆல் வகுத்துச் சுருக்கினால் வருவதே அந்தப் பதினெட்டில் ஐந்து. இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் மனனம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. எனினும் பெரும்பாலானோர் சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து, பெருக்குவதா வகுப்பதா, ஐந்து மேலேயா கீழேயா என்று பிள்ளை தடுமாறுகிறது.

செக்கனுக்கு 15 மீற்றர் என்பது தெரிந்தபின் மீதி இலகுவானது. எஞ்சின் பாலத்தில் ஏறும் கணத்திலிருந்து கடைசிப் பெட்டி பாலத்தை விட்டு இறங்கும் கணம் வரை புகையிரதம் செல்லும் தூரம், பாலத்தின் நீளமும் புகையிரதத்தின் நீளமும் சேர்ந்தது. அதாவது 300 மீற்றர். 300 ஐ 15 ஆல் வகுக்க 20 செக்கன்.

எமக்கு வந்த விடைகளில் பெரும்பாலானவை 12 செக்கன் என்றிருந்தன. பிள்ளைகள் 180 ஐ 15 ஆல் வகுத்திருந்தார்கள். புகையிரதத்தின் நீளத்தை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஒன்றிரண்டு பேர் இப்படி எழுதினால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் கூட, மற்றக் கணக்குகளையெல்லாம் பிழையின்றிச் செய்துவிட்டு, இதில் மட்டும் அதே இடத்தில் வழுக்கினார்கள். கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எமது பக்கத்துக்கு வினாக்களைத் தயாரித்துத் தருவார். ஊரில் எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றே அழைப்போம். அந்த விடைத்தாள் கட்டைப் புரட்டிப் பார்த்த அவர் சொன்னார்: "தம்பி, இதுகள் கோச்சியைக் கண்டதில்லை."

கோச்சி என்பது புகையிரதத்துக்கு எமது ஊர்ப் பெரியவர்கள் வழங்கிய சொல். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகக் காங்கேசன்துறை வரையான பாதை 1905 இல் முழுமை பெற்றது. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 இல். 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குள் போயின. நிலையக் கட்டடங்கள் சிதைந்தன. எஞ்சியது வரம்பு போல உயர்ந்து கிடந்த பாதை மட்டுமே. அதில் ஆடு மேய்ந்தது. சைக்கிளில் போகிறவர்கள் அதைக் குறுக்குப் பாதையாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் பாடநூலில் கோச்சி நிற்கவில்லை. மணிக்கு 54 கிலோமீற்றர் கதியில் பாலங்களையும் மேடைகளையும் அது கடந்துகொண்டே இருந்தது. பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாள் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பதுளையில் தினமும் புகையிரதம் பார்க்கும் பிள்ளைக்கும், பார்த்தே இராத சாவகச்சேரிப் பிள்ளைக்கும் அதே வினா.

கடிதங்கள் குவிந்ததற்கு இதுவே காரணம். வடமராட்சியிலிருந்து ஒரு பையன் எழுதிய கடிதம் நினைவிலிருக்கிறது. சைக்கிளில் நாம் பாலத்தைக் கடக்கும்போது சைக்கிளின் நீளத்தைக் கூட்டுவதில்லையே, புகையிரதத்துக்கு மட்டும் ஏன் கூட்ட வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. உண்மையில் சைக்கிளுக்கும் கூட்டத்தான் வேண்டும். அதன் நீளம் இரண்டு மீற்றருக்கும் குறைவு என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. சைக்கிளையும் மாட்டுவண்டியையும் மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளையின் மனதில் வாகனம் என்பது ஒரு புள்ளி. 120 மீற்றர் நீளத்துக்கு ஒரு வாகனம் இருக்கக்கூடும் என்பது அதன் கற்பனைக்குள் வரவில்லை. சூத்திரத்தை எத்தனை தடவை எழுதினாலும் அந்தப் படம் மனதில் விழப்போவதில்லை.

மாஸ்ரர் ஒரு வேலை செய்தார். தமது வீட்டு விறாந்தையில் படிக்க வந்த பிள்ளைகளை அருகிலிருந்த மதகடிக்குக் கூட்டிச் சென்றார். நாற்பது பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக, முன்னால் நிற்பவரின் தோளில் கைவைத்து நிற்கச் செய்தார். வரிசையின் நீளத்தைக் கயிற்றால் அளந்தார்கள்: 20 மீற்றர். மதகின் நீளம் 10 மீற்றர். செக்கனுக்கு ஒரு மீற்றர் என்ற கணக்கில் எல்லோரும் ஒரே சீராக நடக்க வேண்டும். முதற்பிள்ளை மதகில் கால் வைத்ததும் எல்லோரும் உரத்த குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். முதற்பிள்ளை மதகைக் கடந்தபோது எண்ணிக்கை பத்து. கடைசிப் பிள்ளை கடந்தபோது முப்பது. அந்தக் கடைசிப் பிள்ளைக்கு அதன் பிறகு அக்கணக்கு வாழ்நாளில் பிழைத்திராது என்று நம்புகிறேன்.

இதை ஒரு கோட்டுப்படத்துடன் வெளியிட்டோம். அப்போது பத்திரிகைத் தாளுக்குக் கடும் தட்டுப்பாடு. கொப்பி செய்யும் கோடு போட்ட தாளிலேகூடப் பத்திரிகை அச்சாகிய காலம். அந்தக் கோடுகளின் மேல் நாற்பது பிள்ளைகளின் வரிசையை அச்சிட்டபோது, படம் தண்டவாளத்தின் மேல் நிற்பது போலவே தோன்றியதாக அச்சுக்கோப்பாளர் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வாரம் ஒரு பிள்ளை எழுதியிருந்தது: தன் அம்மம்மாவிடம் இந்தக் கணக்கை வாசித்துக் காட்டியபோது, அவர் உடனே, "எஞ்சின் ஆனையிறவைத் தாண்டினாலும் கடைசிப் பெட்டியிலை இருக்கிறவைக்கு ரெண்டு பக்கமும் தண்ணிதானே" என்றாராம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். கோச்சியில் போனவர். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

இந்த வகைக் கணக்குகள் புகையிரதத்தை விட மிகவும் பழையவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆரியபட்டர் கி.பி. 499 இல் எழுதிய ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில், நகர்ந்துகொண்டிருக்கும் இரு பொருள்கள் சந்திக்கும் நேரத்தைக் காணும் விதி இருக்கிறது. எதிரெதிரே வந்தால் இடைத்தூரத்தைக் கதிகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் சென்றால் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். அவர் மனதில் இருந்தவை கோள்கள். ஐரோப்பாவில் அல்குவின் என்ற அறிஞரின் பெயரில் வழங்கும் பழைய புதிர்த் தொகுப்பில் ஒரு நாய் முயலைத் துரத்துகிறது. முயல் 150 அடி முன்னால் நிற்கிறது. நாய் ஒரு பாய்ச்சலில் 9 அடி பாய, முயல் 7 அடி பாய்கிறது. பாய்ச்சலுக்கு 2 அடி வீதம் இடைவெளி குறைய, 75 ஆவது பாய்ச்சலில் முயல் அகப்படும். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864 டிசெம்பரில் ஓடியபோது, அதற்கான கணக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆயத்தமாகவே இருந்தது. கோளும் நாயும் இருந்த இடத்தில் ஆசிரியர்கள் புகையிரதத்தை ஏற்றினார்கள். இன்று உயர்தரத்தில் 'தொடர்பு வேகம்' என்று பெரிய பெயரில் வருவதும் இதே விதிதான்.

சராசரிக் கதிக்கு வருவோம். போகும்போது மணிக்கு 60 கிலோமீற்றர், அதே பாதையில் திரும்பும்போது 40. சராசரி என்ன? ஐம்பது என்று கை தானாக எழுதிவிடும். தூரத்தை 120 கிலோமீற்றர் என்று வைத்துப் பாருங்கள். போக 2 மணித்தியாலம், வர 3 மணித்தியாலம். மொத்தம் 240 கிலோமீற்றர், 5 மணித்தியாலம். சராசரி 48. மெதுவாகச் சென்ற பயணம் அதிக நேரத்தை எடுத்துக்கொள்வதால் சராசரி அதன் பக்கம் இழுபடுகிறது. தூரம் தரப்படாத கணக்கில் வசதியான ஒரு தூரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது பிள்ளைகளுக்கு ஏதோ களவு செய்வது போல இருக்கும். எந்தத் தூரத்தை வைத்தாலும் விடை மாறாது என்று செய்து காட்டிய பின்னரே நம்புவார்கள்.

மற்ற இடங்களில் இந்தப் பகுதிதான் கடினம் என்பார்கள். எமது பிள்ளைகள் இதை இலகுவாகப் பிடித்துக்கொண்டார்கள். 1994 இல் என்று நினைவு, வாசகர்களே கணக்கு இயற்றி அனுப்பலாம் என்று ஓர் அறிவித்தல் போட்டோம். வந்தவற்றுள் ஒன்று, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது. சொற்கள் முன்பின்னாக இருக்கலாம். எண்களை மறக்கவில்லை:

'அப்பா கொழும்பிலிருந்து புறப்பட்டார். வவுனியா வரை 250 கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 50 கிலோமீற்றர் கதியில் வந்தார். அங்கே 43 மணித்தியாலம் காத்திருந்தார். மீதி 150 கிலோமீற்றரை 32 மணித்தியாலத்தில் கடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்பாவின் சராசரிக் கதி என்ன?'

அக்காலத்தில் தென்பகுதிக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த 43 மணித்தியாலத்தையும் 32 மணித்தியாலத்தையும் விளக்க வேண்டியதில்லை. வவுனியாவில் அனுமதிக்காகக் காத்திருத்தல், அதன்பின் சைக்கிள், உழவு இயந்திரம், இரவில் கிளாலிக் கடலில் படகு. 1993 சனவரியில் அந்தக் கடலில் படகுப் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் வேறு வழியின்றிச் சனங்கள் அதே வழியில் போனார்கள். அந்தப் பெண்பிள்ளை இவை எதையும் எழுதவில்லை. தூரம், நேரம், கதி என்ற மூன்றை மட்டும் எழுதியிருந்தாள்.

வவுனியா வரை 5 மணித்தியாலம், காத்திருந்தது 43, மீதிப் பயணம் 32. கூட்டினால் 80 மணித்தியாலம். 400 கிலோமீற்றரை 80 ஆல் வகுக்க, மணிக்கு 5 கிலோமீற்றர். அதாவது ஒரு மனிதன் நடக்கும் கதி. கொழும்பிலிருந்து இரவு பகலாக நிற்காமல் நடந்து வந்திருந்தாலும் அப்பா அதே நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருப்பார்.

மாஸ்ரர் அதை இரண்டு முறை வாசித்தார். "நின்ற நேரத்தையும் கூட்ட வேணும் எண்டு இவளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை" என்றார். அந்த வாரம் வேறு கணக்கு எதுவும் போடவில்லை. அது மட்டும் போயிற்று. சரியான விடைகள் அந்தப் பக்கத்தின் வரலாற்றில் அதிகமாக வந்தது அந்தக் கணக்குக்குத்தான். நின்ற நேரத்தை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இருந்ததாக நினைவில்லை.

பாடநூல்களின் புகையிரதங்கள் பொதுவாக நிற்பதே இல்லை. புறப்பட்ட கணத்திலேயே முழுக் கதியில் ஓடும். மேடு பள்ளம் கிடையாது. எதிரே வரும் வண்டியோடு வழியில் எங்கு வேண்டுமானாலும் சந்திக்கும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 400 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டு, கொழும்பிலிருந்து 60 இலும் யாழ்ப்பாணத்திலிருந்து 40 இலும் இரு வண்டிகள் ஒரே நேரத்தில் புறப்படுவதாகக் கணக்குக் கொடுத்தால், கூட்டுக்கதி 100, சந்திக்கும் நேரம் 4 மணித்தியாலம், இடம் கொழும்பிலிருந்து 240 ஆவது கிலோமீற்றர் என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். இதே கணக்கில் ஓர் ஈயைப் பறக்கவிடும் புதிரும் உண்டு. இரு எஞ்சின்களுக்கும் இடையே மணிக்கு 75 கிலோமீற்றர் கதியில் அது மாறி மாறிப் பறக்கிறது. வண்டிகள் சந்திக்கும்வரை பறந்த மொத்தத் தூரம் என்ன? ஒவ்வொரு பறப்பாகக் கூட்டப் போனால் முடிவில்லாத ஒரு தொடர். நாலு மணித்தியாலம் பறந்தது, ஆகவே 300 கிலோமீற்றர் என்றால் முடிந்தது. கணித மேதை வொன் நியூமனிடம் இதைக் கேட்டபோது அவர் உடனே விடை சொன்னாராம். குறுக்கு வழியைக் கண்டுபிடித்துவிட்டீர்களே என்றதற்கு, தாம் அந்தத் தொடரைத்தான் கூட்டியதாகச் சொன்னாராம். மெய்யோ பொய்யோ, கணிதக்காரர்கள் சொல்லி மகிழும் கதை.

240 ஆவது கிலோமீற்றர் கணக்கை ஒருமுறை பக்கத்தில் போட்டபோது ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மதவாச்சிக்கும் வவுனியாவுக்கும் நடுவே காட்டுக்குள் இரண்டு வண்டிகளை எப்படிச் சந்திக்க வைப்பீர்கள் என்பது அவரது கேள்வி. பொல்காவலைக்கு வடக்கே பாதை பெரும்பாலும் ஒற்றைத் தடம். அதில் இரு வண்டிகள் நடுவழியில் சந்தித்தால் அது கணக்கல்ல, விபத்து. அவர் காலத்தில் சாரதியிடம் 'ரப்லெற்' என்ற வட்டத் தகடு இருந்தால்தான் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டி போகலாம். அந்த இரு நிலையங்களுக்கும் இடையே ஒரு நேரத்தில் ஒரேயொரு தகடே கருவியிலிருந்து வெளியே வரும். ஆகவே சந்திப்பு எப்போதும் ஒரு நிலையத்தில்தான் நடக்கும். ஒரு வண்டி பக்கத் தடத்தில் ஒதுங்கி நிற்க, மற்றது போகும்.

அவர் ஒரு தாளை வாங்கி வரைந்து காட்டியதை நான் இன்றும் மறக்கவில்லை. கீழே இடமிருந்து வலமாக நேரம். பக்கத்தில் கீழிருந்து மேலாக நிலையங்கள், தூரத்துக்கேற்ற இடைவெளியில். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. கதி கூடினால் கோடு செங்குத்தாக நிமிரும். வண்டி நிலையத்தில் நின்றால் கோடு கிடையாகப் படுக்கும். எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் வெட்டும் புள்ளிதான் சந்திப்பு. அந்தப் புள்ளி நிலையத்தின் கோட்டில் விழும்வரை ஏதாவது ஒரு வண்டியை எங்காவது நிறுத்திவைக்க வேண்டும். நேர அட்டவணை தயாரிப்பது என்றால் இதுதான் என்றார். 19 ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் – லியோன் பாதைக்கு இவ்வகையில் வரைந்த படம் பிரான்சில் அச்சாகியிருக்கிறது என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன். சமன்பாடு பிடிக்காத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கட்டம் போட்ட கொப்பியில் இரண்டு கோடு கீறினால் விடை கண்ணுக்கு முன்னால் நிற்கும். அன்று மாலை அந்த மாணவியின் அப்பாவுடைய பயணத்தையும் இதே முறையில் கீறிப் பார்த்தோம். வவுனியாவில் கோடு படுத்த படுக்கையாகத் தாளின் பாதிக்கும் மேல் நீண்டு கிடந்தது.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு அந்தப் பக்கமும் நின்றது. கடிதக் கட்டுகள் எல்லாம் எங்கே போயினவோ. மாஸ்ரரும் நிலைய அதிபரும் இப்போது இல்லை. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் புகையிரதம் வந்தது. முதல் நாட்களில் நிலையத்தில் நின்றவர்களில் அரைவாசிப்பேர் பயணம் செய்ய வந்தவர்கள் அல்லர், பார்க்க வந்தவர்கள். இருபத்தைந்து வயதைக் கடந்த இளைஞர்கள் பிள்ளைகளைப் போலப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றார்கள். சாதாரண தரத்தில் புகையிரதக் கணக்குச் செய்து சித்தியடைந்தவர்கள் அவர்கள்.

சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமண வீட்டில் இளம் கணித ஆசிரியை ஒருவரோடு உரையாடக் கிடைத்தது. தென்மராட்சியில் கற்பிக்கிறார். எங்கள் பக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க அவருக்கு வயது போதாது. புகையிரதக் கணக்கை எப்படிப் படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் பாதை போகிறது, வண்டி வரும் நேரம் பார்த்துப் பிள்ளைகளை வேலியோரம் கூட்டிப்போய் ஒரு தந்திக் கம்பத்தைக் காட்டி, எஞ்சின் அதைத் தொடும்போது எண்ணத் தொடங்கி, கடைசிப் பெட்டி கடக்கும்போது நிறுத்தச் சொல்வேன் என்றார். பெட்டியின் நீளமும் பெட்டிகளின் எண்ணிக்கையும் தெரிந்தால் வண்டியின் கதி வந்துவிடும்.

"வண்டி பிந்தினால்?" என்று கேட்டேன்.

"அது அடிக்கடி நடக்கிறதுதான் ஐயா. பிந்தினால் பிள்ளையளையே ஒருத்தருக்குப் பின்னால் ஒருத்தராய்த் தோளைப் பிடிச்சு நிக்கச் சொல்லி, மதகடியிலை நடக்க விடுவன். எனக்கு எங்கடை அம்மா அப்படித்தான் சொல்லித் தந்தவா."